‘தடை’ என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெகிழிப் பைகளுக்குத் தடை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. நீதிமன்றம் இடைக்காலத் தடை. நாளை இந்தப் பகுதிகளில் மின்தடை. ஒரே நாளிதழில் இந்த நான்கு தலைப்பும் வரலாம். சொல் ஒன்றுதான், ஆனால் முதலாவது சட்டம், இரண்டாவது வருடந்தோறும் வந்துபோகும் ஓய்வு, மூன்றாவது வழக்கு முடியும்வரை ஒரு நிறுத்தம், நான்காவது கரண்ட் போவது. இந்தச் சொல்லைப் பற்றியும் இதன் பக்கத்து வீட்டுச் சொற்களான விலக்கு, கூடாது, வேண்டாம் பற்றியும் பலர் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

‘தடை’ எதிலிருந்து பிறந்தது?

‘தடு’ என்ற வினையிலிருந்து. அதோடு ‘ஐ’ சேர்ந்தால் தடை. இதே அச்சில் வார்த்த சொற்கள் நம்மிடம் நிறைய உண்டு: எடு – எடை, உடு – உடை, கொடு – கொடை, விடு – விடை, தொடு – தொடை. (கடைசிச் சொல் யாப்பில் வருவது, பூவைத் தொடுப்பதுபோல எதுகை மோனையைத் தொடுப்பது.) உடுப்பது உடை, கொடுப்பது கொடை, தடுப்பது தடை. பள்ளிப் பிள்ளைக்கும் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம், அவ்வளவு வெளிப்படையான பிறப்பு. வடமொழியிலிருந்து வந்ததோ என்று சிலர் சந்தேகப்படுகிறார்கள். இல்லை, இது திராவிட வேர். அண்டை மொழிகளிலும் இருக்கிறது.

சட்டம் வருவதற்கு முன்னால் இதற்கு என்ன பொருள்?

குறுக்கே நிற்பது. ஓடுகிற தண்ணீர், நடக்கிற ஆள், மேய்ச்சலுக்குப் போகிற மாடு என்று நகர்ந்துகொண்டிருக்கும் ஒன்றின் முன்னால் ஏதோ ஒன்று வந்து நின்றால் அது தடை. குடும்பத்தில் மற்றவர்களைப் பாருங்கள். கல் தடுக்கி விழுகிறோம். பேச்சு நடுவில் தடங்கல் வருகிறது. ஓடைக்குக் குறுக்கே தடுப்பணை கட்டுகிறார்கள். தடகளத்தில் தடை தாண்டும் ஓட்டம் இருக்கிறது. சாலையில் இருக்கும் வேகத்தடையைவிட நல்ல உதாரணம் கிடையாது: வழியின் குறுக்கே ஒரு மேடு, அவ்வளவுதான்.

ஆணை, சட்டம் என்ற பொருள் இந்த மேட்டின்மீது ஏறி உட்கார்ந்தது. கல் நின்ற இடத்தில் ஒரு காகிதம் நிற்கிறது. நாம் பயன்படுத்தும் வினைகள் இன்னும் அதை மறக்கவில்லை. தடையைத் தாண்டுகிறோம், மீறுகிறோம், உடைக்கிறோம், தகர்க்கிறோம். எல்லாம் சுவருக்கும் வேலிக்கும் சொல்கிற வினைகள். தடை என்ற சொல்லுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: அது பொருளைப் பற்றிய தீர்ப்பு அல்ல, வழியைப் பற்றிய சொல். தடுக்கப்பட்டது நல்லதா கெட்டதா என்று அது சொல்வதில்லை; இப்போதைக்கு இந்த வழியில் போக முடியாது என்று மட்டும் சொல்கிறது. மீன்பிடித் தடைக்காலமே சாட்சி. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்காக வழி அடைபடுகிறது, அப்புறம் திறக்கிறது. மீன்பிடிப்பது தவறு என்று யாரும் சொல்லவில்லை.

தடம், தடக்கை, தடா எல்லாம் உறவா?

ஒலி ஒத்திருப்பதை வைத்து உறவு கொண்டாடக் கூடாது. ‘தடக்கை’யில் உள்ள தட என்பது பெரிய என்று பொருள்படும் உரிச்சொல். “தடவும் கயவும் நளியும் பெருமை” என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். வளைவு என்ற பொருளும் அதற்கு உண்டு என்று அடுத்தே சொல்கிறது. ஆகவே தடக்கை என்றால் பெரிய கை, தடுக்கும் கை அல்ல. ஆண்டாள் “நூறு தடா நிறைந்த அக்கார அடிசில்” என்று பாடும் தடா பெரிய பானை. தடம் என்பது வழி. பொருளளவில் தடைக்கு நேர் எதிர்.

மலையாளம், கன்னடம், தெலுங்கில் இந்த வேர் என்ன ஆனது?

இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. வேர் ஒன்று, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வேலை பார்க்கிறது. மலையாளத்தில் ‘தடயுக’ என்றால் மறிப்பது, ‘தடஸ்ஸம்’ என்றால் இடையூறு, ‘தடவு’ என்றால் சிறை, சிறைக்கைதி ‘தடவுகாரன்’. கன்னடத்தில் ‘தடெ’ என்றால் நிறுத்து, ‘தட’ என்றால் தாமதம். தெலுங்கில் ‘தடவு’ என்றால் தாமதம்.

ஆனால் அரசாங்கம் ஒன்றைச் செய்யாதே என்று சொல்லும்போது மூன்று மொழிகளும் பெரும்பாலும் வடசொல்லை எடுத்துக்கொள்கின்றன. மலையாளிக்கு ‘நிரோதனம்’, கன்னடர்க்கும் தெலுங்கர்க்கும் ‘நிஷேதம்’. தமிழ் மட்டும் கல்தடுக்கி விழுகிற அதே வீட்டுச் சொல்லைக் கொண்டுபோய்ச் சட்டப் புத்தகத்திலும் வைத்துவிட்டது. அரசாணையில் உள்ள சொல்லும் சமையலறைப் பேச்சில் உள்ள சொல்லும் ஒன்றாக இருப்பது சாதாரண விஷயம் இல்லை. படிக்காத மனிதருக்கும் ‘தடை’ என்றால் புரியும், அகராதி தேவையில்லை.

சிறை என்ற பொருளுக்கு இன்னொரு ஒப்புமை ஈழத் தமிழில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ‘மறியல்’ என்றால் சாலையில் உட்கார்ந்து வண்டியை மறிப்பது. இலங்கையில் ‘மறியல்’ என்றால் சிறைவாசம். மறியற்சாலை என்றால் சிறைச்சாலை. தடு, மறி இரண்டும் ஒரே கருத்து. ஒன்று கேரளத்தில் சிறையானது, மற்றது யாழ்ப்பாணத்தில் சிறையானது.

மின்தடை என்றால் கரண்ட் போவதா, இயற்பியலில் வருவதா?

இரண்டும்தான். பாடநூலில் ஓம் விதி படிக்கும்போது வரும் மின்தடை, கம்பி தன் வழியே போகும் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு. ஓம் என்ற அலகால் அளப்பது. செய்தித்தாளில் வருவது மின்சார நிறுத்தம். இரண்டாவதற்கு ‘மின்வெட்டு’ அல்லது ‘மின் நிறுத்தம்’ என்று எழுதினால் குழப்பம் தீரும் என்பது என் கருத்து. முதலாவதுதான் சொல்லின் பழைய பொருளுக்கு நெருக்கம்: ஓடுகிற ஒன்றை எதிர்த்து நிற்பது, முழுக்க நிறுத்துவதுகூட இல்லை.

தடைக்கும் தடுப்புக்கும் என்ன வேறுபாடு?

இரண்டும் ‘தடு’வின் பிள்ளைகள். இன்றைய வழக்கில் ஒரு வேலைப் பிரிவினை உருவாகியிருக்கிறது. வராமல் காப்பது தடுப்பு: தடுப்பூசி, நோய்த்தடுப்பு, தீத்தடுப்பு. செய்யாதே என்பது தடை. தடுப்பு வரப்போவதைப் பார்க்கிறது. தடை நடந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறது.

ஆனால் இந்தக் கோடு உறுதியானது அல்ல. கருத்தடை என்பது உண்மையில் தடுப்பு. அதில் யாரும் யாரையும் தடைசெய்யவில்லை. சட்டப் பெயர்களிலும் இப்படித்தான். இலங்கையில் 1979-ல் வந்த சட்டத்தைப் ‘பயங்கரவாதத் தடைச் சட்டம்’ என்கிறார்கள். அதே வகைச் சட்டங்களை இந்தியாவில் ‘தடுப்புச் சட்டம்’ என்று எழுதுகிறோம். ‘தடுப்புக் காவல்’ என்பதும் நினைவிருக்கட்டும். அது குற்றம் செய்ததற்கான தண்டனை அல்ல, செய்துவிடக்கூடும் என்று முன்கூட்டியே அடைப்பது. அந்த முன்கூட்டிய தன்மை ‘தடுப்பு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. சொல்லைக் கவனித்துப் படித்தால் ஒரு மனிதர் எதற்காக உள்ளே இருக்கிறார் என்பது தெரியும்.

சரி, ‘விலக்கு’ என்றாலும் தடைதானே?

பழைய தமிழில் ‘செய்யாதே’ என்பதற்கு முறையான சொல் விலக்குதான். விதி, விலக்கு என்பது இணை. செய் என்பது விதி, செய்யாதே என்பது விலக்கு. பரிமேலழகர் தம் திருக்குறள் உரையின் தொடக்கத்தில் அறத்தை வரையறுக்கும்போது விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் என்கிறார். ‘விலக்கப்பட்ட கனி’ என்று கிறித்தவர்கள் சொல்வதும் இந்தப் பொருளில்தான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இதே சொல் நேர் எதிரான பொருளிலும் நடக்கிறது. மதுவிலக்கு என்றால் மது கூடாது. வரிவிலக்கு என்றால் வரி கட்ட வேண்டாம். முதலாவது கட்டு, இரண்டாவது விடுதலை. விதிவிலக்கு என்றால் விதி இவருக்குப் பொருந்தாது. இன்னும் ஒரு படி: “மது விலக்கப்பட்டது” என்றால் தடை வந்துவிட்டது, “தடை விலக்கப்பட்டது” என்றால் தடை போய்விட்டது! தமிழ் கற்கும் வெளிநாட்டவர் இந்த இடத்தில் திணறுவதில் ஆச்சரியம் இல்லை.

வேரைப் பார்த்தால் முரண் கரைந்துவிடுகிறது. விலகு என்றால் தானாக ஒதுங்குவது, விலக்கு என்றால் ஒன்றை ஒதுக்குவது. அகல் – அகற்று, ஆடு – ஆட்டு போன்ற ஜோடி இது. மதுவிலக்கில் மதுவை வாழ்க்கையிலிருந்து ஒதுக்குகிறோம். வரிவிலக்கில் வரியை அந்த ஆளிடமிருந்து ஒதுக்குகிறோம். தடை விலக்கில் குறுக்கே கிடந்த கல்லை ஒதுக்குகிறோம். ஒதுக்கப்படுவது எது என்று கேட்டால் போதும். மாதவிலக்கு என்ற சொல்லில் ஒதுக்கப்பட்டது பெண். அந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் வாயளவில் சொல்லிக்கொண்டிருக்கிறோம், ஆனால் அது ஒரு மனுஷியை வீட்டின் ஓரத்துக்குத் தள்ளியதன் பதிவு. ‘மாதவிடாய்’ என்று எழுதுவதையே நான் விரும்புகிறேன்.

ஒதுங்குதல் என்ற பொருள் அப்பட்டமாக நிலத்தில் கிடக்கும் இடம் ஒன்றும் உண்டு. தென் மாவட்டங்களில் பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் இடத்தை ‘விலக்கு’ என்பார்கள். பேருந்து நிறுத்தப் பெயர்களில் பார்க்கலாம். தேனி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் இடமே க.விலக்கு. அங்கே எதுவும் தடைசெய்யப்படவில்லை, சாலை விலகுகிறது.

மதுவிலக்கைச் சொன்னதால் ஒரு குறிப்பு. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில்தான் அது முதலில் நடைமுறைக்கு வந்தது. அரசியல் மேடைகளில் அன்றிலிருந்து இன்றுவரை ஒலிப்பது ‘மதுவிலக்கு’தான், ‘மதுத்தடை’ யார் வாயிலும் ஒட்டவில்லை. குடியை வாழ்க்கையிலிருந்து ஒதுக்க வேண்டும் என்ற ஒழுக்கக் குரல் விலக்கில் கேட்கிறது. தடை என்றால் கடையைப் பூட்டுவது மட்டும்தான்.

பழைய நூல்களில் ‘செய்யாதே’ என்று எப்படிச் சொன்னார்கள்?

பெரும்பாலும் தனிச்சொல் இல்லாமல், வினையின் வாலிலேயே. “மறவற்க மாசற்றார் கேண்மை துறவற்க துன்பத்துள் துப்பாயார் நட்பு” என்பது 106-ஆம் குறள். ‘அற்க’ என்ற விகுதி வந்தாலே விலக்கு. ஔவையின் ஆத்திசூடியில் ‘ஏல்’: இயல்வது கரவேல், உடையது விளம்பேல், ஊக்கமது கைவிடேல். அதில் நான்காவது அடி “ஈவது விலக்கேல்”. ஒருவர் கொடுப்பதை நீ குறுக்கே நின்று தடுக்காதே என்கிறாள். விலக்குவதையே விலக்குகிற வரி. இரண்டே சொல்லில் இவ்வளவு அடங்கியிருப்பதைப் பிள்ளைகள் பாடுகிற வேகத்தில் நாம் கவனிப்பதில்லை. உலகநாதரின் உலகநீதிக்கு வரும்போது பேச்சுத் தமிழ் நெருங்கிவிடுகிறது: “ஓதாமல் ஒருநாளும் இருக்க வேண்டாம், ஒருவரையும் பொல்லாங்கு சொல்ல வேண்டாம்.” இன்று தாத்தா பேரனுக்குச் சொல்வதும் இதே வடிவம்தான்.

கூடாது, வேண்டாம், ஆகாது: மூன்றும் ஒன்றா?

இல்லை. ‘கூடு’ என்றால் சேர்வது, இயல்வது. கூடாது என்றால் முதலில் ‘பொருந்தாது, நடக்காது’ என்றே பொருள். திருக்குறளில் கூடாஒழுக்கம் 28-ஆம் அதிகாரம், கூடாநட்பு 83-ஆம் அதிகாரம். இரண்டிலும் மனத்தோடு பொருந்தாதது என்ற பொருள் தெளிவாக இருக்கிறது. இன்றைக்கு இந்தச் சொல் ஒற்றைக்காலில் நிற்கிறது. “மழை வரக்கூடும்” என்றால் வர வாய்ப்பு இருக்கிறது. “நீ வரக்கூடாது” என்றால் வாய்ப்பைப் பற்றிய பேச்சே இல்லை, கட்டளை. உடன்பாட்டில் இயல்பு, எதிர்மறையில் ஆணை. யாழ்ப்பாணத்தில் ‘கூடாத ஆள்’ என்றால் கெட்டவர்.

வேண்டாம் என்பது ‘வேண்டு’விலிருந்து வந்தது: விருப்பம் இல்லை, தேவை இல்லை. அதனால்தான் அது மென்மை. “போகாதே” என்பதில் அதட்டல் உண்டு. “போக வேண்டாம்” என்பதில் அக்கறை உண்டு. பொது அறிவிப்புகள் எழுதுகிறவர்கள் இதை நினைவில் வைத்தால் நன்றாக இருக்கும்.

ஆகாது என்பது வேறு ரகம். “இந்த நாளில் கடன் கொடுக்க ஆகாது”, “அது உடம்புக்கு ஆகாது.” யார் தடுத்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. ஆணையிட்டவர் பெயர் இல்லாத தடை. மரபில் வந்த விலக்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

சட்டத்துக்கு நீதிமன்றம் ‘தடை’ விதித்தால் சட்டம் செத்துவிட்டதா?

இல்லை. இது பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். இடைக்காலத் தடை என்பது வழக்கில் தீர்ப்பு வரும்வரை அப்படியே நிறுத்திவைப்பது. சட்டமோ உத்தரவோ ரத்தாகவில்லை. ‘ரத்து’ என்று வந்தால்தான் அது இல்லாமல் போகிறது. “தடை நீங்கியது” என்ற செய்தியும் அப்படியே. ஒரு தரப்பு வென்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒருவரை ஒன்றைச் செய்யாமல் இருக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடுவதைச் சட்டத் தமிழில் ‘உறுத்துக் கட்டளை’ என்பார்கள். செய்திகளில் அதற்கும் ‘தடை’ என்றே போட்டுவிடுகிறார்கள்.

‘144 தடை’ என்பது என்ன?

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144-ஆவது பிரிவு. அமைதி குலையும் என்று கருதினால் கூட்டம் கூடுவது போன்றவற்றைத் தடுக்க நிர்வாகத்துறை நடுவருக்கு அது அதிகாரம் தந்தது. ஓர் உத்தரவு 2 மாதத்துக்கு மேல் நீடிக்காது. மாநில அரசு தேவை என்று நினைத்தால் மேலும் 6 மாதம்வரை நீட்டலாம். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் இதற்கான பிரிவு 163. மக்கள் வாயில் 144 இன்னும் மாறவில்லை. ஊரடங்கு வேறு: அது வீட்டைவிட்டே வெளியே வராதே என்பது.

தடா சட்டத்தின் ‘தடா’ தமிழா?

தற்செயல். பயங்கரவாதத்துக்கு எதிராக 1985-ல் வந்து, 1987-ல் புதுவடிவம் பெற்று, 1995-ல் காலாவதியான சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள நான்கு முதலெழுத்துகள் அவை. தமிழ்க் காதுக்குத் ‘தடு’, ‘தடை’ போலவே கேட்டதால் ஒட்டிக்கொண்டது. பத்திரிகைகள் “படத்துக்குத் தடா” என்று சாதாரணத் தடைக்கும் அதை எழுதின. அந்தச் சட்டத்தில் விசாரணையின்றி வருடக்கணக்கில் உள்ளே கிடந்தவர்களை நினைத்தால், விளையாட்டாக எழுத வேண்டிய சொல் இல்லை அது.

‘பேன் பண்ணிட்டாங்க’ என்று சொல்வது தவறா?

பேச்சில் சொன்னால் குடி முழுகிவிடாது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் வேடிக்கையாகவே வேறு: ஊரறிய அறிவிப்பது, கூவி அழைப்பது. தேவாலயத்தில் திருமணத்துக்கு முன் மணமக்கள் பெயரை வாசிப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரில் அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் தேவாலயங்களில் அதை ‘ஓலை வாசித்தல்’ என்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பது தெரிந்தால் சொல்லலாம் என்பதற்காகத்தான் அந்த வாசிப்பே. ஆங்கிலத்தில் அறிவிப்பு தடையாக மாறியது. தமிழ் ஓலையில் அறிவிப்பு தடையைத் தேடுகிறது.

தடை என்றாலே கெட்ட சொல்தானா?

‘தடங்கல் இல்லாமல் நடக்கட்டும்’ என்று வாழ்த்துகிறோம், ‘திருமணத் தடை நீங்க’ என்று வேண்டுகிறோம். அதனால் அப்படித் தோன்றுகிறது. ஆனால் நம் இலக்கியத்தில் மிக அழகான தடை ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் சுந்தரர் வரலாற்றைத் தொடங்கும் பகுதியின் பெயர் ‘தடுத்தாட்கொண்ட புராணம்’. புத்தூரில் திருமணம் நடக்க இருக்கும் வேளையில் கிழவர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலையைக் காட்டி மணத்தை நிறுத்துகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. வந்தவர் சிவன். தடுத்ததும் அவரே, ஆட்கொண்டதும் அவரே. அந்தத் தலைப்பில் இரண்டு வினையும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நிற்கிறது.

மறுப்பு என்ற பொருளிலும் தடை கௌரவமானது. உரையாசிரியர்கள் ஒரு கருத்துக்கு எழக்கூடிய ஆட்சேபத்தைத் தாங்களே எழுப்பிப் பதிலும் சொல்வதைத் ‘தடைவிடை’ என்பார்கள். அரசு அலுவலகத்தில் வாங்கும் ‘தடையின்மைச் சான்று’ இந்தப் பொருளின் வாரிசு. எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்பதே அதன் உள்ளடக்கம்.

‘தடை சட்டம்’ சரியா, ‘தடைச் சட்டம்’ சரியா?

தடைச் சட்டம். தடைக்காலம், தடைக்கல் போலவே வல்லினம் மிகும். ஆனால் ‘தடை செய்தார்’, ‘தடை கோரி வழக்கு’, ‘தடை கேட்டார்’ என்பவற்றில் மிகாது; அங்கே தடையைச் செய்தார், தடையைக் கோரி என்று இரண்டாம் வேற்றுமை மறைந்து நிற்கிறது. முன்னால் வரும் சொல்லையும் கவனிக்க வேண்டும். ‘கரு’வோடு சேர்ந்தால் கருத்தடை, ‘கருத்து’ என்பதோடு சேர்ந்தால் கருத்துத் தடை. நடுவில் ஒரு ‘து’ விட்டுப்போனால் தணிக்கையைப் பற்றி எழுதிய கட்டுரை குடும்பநலத் துறைக்குப் போய்விடும்.